கப்பித்தான் கடித்தால் யாருக்கு வலிக்கும்

தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் நுழைந்து, கருவாட்டுக் கிட்டங்கியைத் தாண்டிப் போனால் வருகிற மச்சாது வளவில், ஒரே முற்றத்தையும் ஒரே தண்ணீர்க் குழாயையும் சுற்றி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்ற அந்த வளவில், கப்பல்காரன் பிளாவியான் வீட்டுக் கிளி கடித்தால் கடிபட்டவருக்கு வலிக்காது, கடிபட்டவர்மேல் எல்லோரையும்விட யார் உயிராக இருக்கிறார்களோ அவருடைய விரலில்தான் காயம் வரும், ரத்தமும் அங்கேதான் சொட்டும் என்பது, குழாயில் எந்நேரம் தண்ணீர் வரும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகி வெகுநாளாயிற்று. அதைக் கேட்டு அங்கே யாரும் வாயைப் பிளப்பதில்லை. பிளந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களும் ஒரு கடி வாங்கி, ஊரில் இருக்கும் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, அவள் போனை எடுக்கும்போதே ஐயோ என் விரலு என்று கத்திக்கொண்டு எடுத்ததைக் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தக் கிளியோடு ஒரே கூரைக்கடியில் குடித்தனம் பண்ணிய ஜெசிந்தாவுக்கு மட்டும் அது பழகவே இல்லை. காலையில் கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது கூண்டுக் கதவின் கொக்கி விழுந்திருக்கிறதா என்று. அடுத்துப் பார்ப்பது பக்கத்தில் படுத்திருக்கும் கொரற்றியின் கைகளை. கொரற்றி அவள் பெற்ற பிள்ளை இல்லை. பிளாவியானின் முதல் மனைவி செலின் காய்ச்சலில் செத்துப்போன மறுவருஷம், வயது போய்க்கொண்டிருக்கிறதே என்று அண்ணன்மார் அவசர அவசரமாகக் கட்டிவைத்து ஜெசிந்தா இந்த வீட்டுக்குள் வந்தபோது, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்ட சின்னப் பிள்ளை அவள். இப்போது ஐந்தாம் வகுப்பு. ஜெசிந்தாவைச் சித்தி என்று கூப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், போட்டதைச் சாப்பிடுவாள், அதற்குமேல் அவள் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். இந்தப் பிள்ளையை என்றைக்காவது கிளி கடித்து, வளவு மொத்தமும் திரும்பித் தன் கையைப் பார்த்து, தன் கையில் ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் ஜெசிந்தாவின் பயம். அந்தப் பயத்தோடுதான் அவள் உலை வைத்தாள், மீன் ஆய்ந்தாள், துணி துவைத்தாள், ஜெபமாலை சொன்னாள்.

கிளியைக் கொண்டுவந்தவன் பிளாவியான். சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் கிடப்பவன். ஒருதடவை இறங்கியபோது பெட்டி, போர்வை, சாக்லேட் டப்பாக்களோடு ஒரு கம்பிக் கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். உடம்பெல்லாம் சாம்பல், வால் மட்டும் சிவப்பு, மஞ்சள் கண், பாக்குவெட்டி மாதிரி மூக்கு. எந்தத் துறைமுகத்தில் வாங்கினாய் என்றால் கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி ஒரு ஊரைச் சொன்னான். பெயர் கப்பித்தான் என்றும், கப்பலில் கேப்டனையே கடித்துவிட்டதால் இறக்கிவிட்டார்கள் என்றும் சொல்லிச் சிரித்தான். கேப்டனைக் கடித்தபோது யாருக்கு ரத்தம் வந்தது என்று கேட்க அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

வளவில் முதல் கடி வாங்கியவன் எதிர்வீட்டு வலைக்கடை காஸ்பார். யாரைக் கண்டாலும் சீண்டிப் பார்க்காமல் போகமாட்டான். அன்றைக்கும் அப்படித்தான் கூண்டு முன்னால் குந்திக்கொண்டு, "ஏ கப்பித்தான், மாமாவுக்கு ஒரு சல்யூட் அடி பாப்போம்" என்று கம்பிக்குள் விரலை விட்டான். கிளி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்து, லபக்கென்று கவ்விற்று. காஸ்பார் எச்சில் ஈரத்தோடு விரலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் வீட்டு அடுப்படியில் சாளைமீன் பொரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரொசாலி கரண்டியைப் போட்டுவிட்டு, ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு அலறியபடி முற்றத்துக்கு ஓடிவந்தாள். வளவு கூடிற்று. குழாயடியில் குடத்தோடு நின்ற சூசைப் பெரியவர், மீன்பிடித்து ஓய்ந்த மனுஷர், இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல என்னடே இருக்கு? அவன் மேல அவதான உயிரா கிடக்கா, அவளுக்குத்தான வரும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நகர்த்தினார். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பெண்டாட்டியைச் சிடுமூஞ்சி என்று நாலுபேர் முன்னால் கேலி பேசிய காஸ்பார் அன்று சாயங்காலம் அவளுக்குப் பதிலாகத் தண்ணீர் பிடிக்க வந்து வரிசையில் நின்றான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அதற்குப்பிறகு விரல்களுக்கு ஓய்வில்லை. சந்தேகம் உள்ளவர்களும் வந்தார்கள், சந்தேகமே இல்லை என்று காட்டிக்கொள்ள நினைத்தவர்களும் வந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தின்று முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிளியைக் கேட்டார்கள். கடி வாங்குகிறவர் நடுவில் நிற்பது, அவருக்கு வேண்டியவர்கள் சுற்றிலும் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொள்வது, காயம் விழும்வரை யாரும் கையை மூடக்கூடாது என்று ஒரு முறையே உண்டாகிவிட்டது. சூசைப் பெரியவர் துபாயில் இருக்கும் தன் மகன்களை நம்பி ஒரு கடி வாங்கிவிட்டு, இருவருக்கும் போன் போட்டு, கையைப் பாருங்கல, நல்லாப் பாருங்கல என்று மன்றாடினார். இருவர் கையிலும் ஒன்றும் இல்லை. கிழவர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, சந்துமுனை டீக்கடைக்காரன் விரலில் துணி சுற்றிக்கொண்டு டீ ஆற்றுகிறான் என்று. ஏண்டா முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பாய்லரில் சுட்டுக்கொண்டது என்று நினைத்தானாம்.

பங்குச் சாமியார் பிரசங்கத்தில் இதைக் கண்டித்தார். கண்டித்த கையோடு, வீடு மந்திரிக்க வளவுக்கு வந்தவர், கிளியையும் சேர்த்து மந்திரிக்கிறேன் என்று கையை நீட்டிச் சிலுவை போட, கப்பித்தான் அந்தக் கையையும் விடவில்லை. சாமியார் தன் விரலைப் பார்த்தார், ஒன்றுமில்லை. முகம் வெளுத்து, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். எங்கேயோ ஒரு விரலில் ரத்தம் வந்திருக்கிறது. அது சொந்த ஊரில் இருக்கும் அவருடைய தாயின் விரலாகக்கூட இருக்கலாம். ஆனால் ஊர் வாய் அப்படி நல்லபடியாக யோசிக்காதே என்று பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ, அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும், கல்யாணம் ஆனவர்கள் ஆகாதவர்கள் பல்போனவர்கள் எல்லோரும், வலது ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பாட்டுப் பாடினார்கள். சாமியார் பிரசங்கம் வைக்காமல் பூசையை முடித்தார்.

இப்படிச் சிரிக்கிறமாதிரியே எல்லாம் போயிருந்தால் ஜெசிந்தாவும் பழகிக்கொண்டிருப்பாள். கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு ஆள், உப்புக் கம்பெனியில் வேலை, யார் வம்புக்கும் போகாதவன், ஒருநாள் எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். கிளி கடித்தது. அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. காயம் அவன் விரலிலேயே வந்தது. வளவு முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கே வலித்தது, அவன் ரத்தமே சொட்டிற்று. ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். மறுநாள் அவன் வீட்டைக் காலிபண்ணிவிட்டுப் போனான். அவன் முகத்தை ஜெசிந்தாவால் மறக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து அவள் பயம் இரண்டாகப் பெருகிற்று. பிள்ளையைக் கடித்தால் தனக்கு வருமா என்பது ஒன்று. தன்னைக் கடித்தால் யாருக்காவது வருமா என்பது இன்னொன்று. அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன்மாருக்கு அவரவர் குடும்பம். புருஷனோ, தூக்கத்தில் இன்னும் செலின் பேரைச் சொல்லுகிறவன்.

கிளியைத் தலையைச் சுற்றி எறிந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். வளவு விடாது. காயம் பட்டவர்களுக்கு அது குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டது. காயம் படாதவர்கள் அதன் கழுத்தைத் திருகிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தார்கள்தான். ஆனால் அதன் கழுத்தைத் திருகினால், அதன்மேல் யார் உயிராக இருக்கிறார்களோ அவர் கழுத்து என்ன ஆகும் என்று காஸ்பார் ஒரு கேள்வியைப் போட்டபிறகு ஒருவரும் கிட்டே போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூண்டுக்கு எட்ட உட்கார்ந்து அதனோடு விசிலில் பேசுகிற கொரற்றியை நினைத்து ஜெசிந்தாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே அவள் கிளியைப் படித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, பயம்தான் சொல்லித்தந்தது. கப்பித்தானின் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் கிட்டே போகக்கூடாது. பிடரி இறகு சிலிர்த்தாலும், வாலை விசிறியாக விரித்தாலும், இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு மெலிந்து நின்றாலும் போகக்கூடாது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, இறகைத் தளர்த்தி, மூக்கை நறநறவென்று அரைத்தால் அது சுகமாக இருக்கிறது, கிட்டே போகலாம்; போனாலும் கையைத் தரக்கூடாது, கம்பைத் தரவேண்டும். தோளில் ஏற விடக்கூடாது, முகம் பக்கத்தில் இருக்கிறது. முகத்துக்கு நேராக எதையும் வெடுக்கென்று கொண்டுபோகக்கூடாது. கடித்துவிட்டால் கத்தக்கூடாது, கூச்சல் அதற்குக் கொண்டாட்டம். விரலை இழுக்கவே கூடாது, இழுக்க இழுக்க இறுக்கும். அது உட்கார்ந்திருக்கும் கம்பை மெல்லச் சாய்த்தால், விழுந்துவிடுவோமோ என்று கம்பைக் கவ்வ வாயைத் திறக்கும். கடித்துத் தீர்க்கட்டும் என்று பனைமட்டைத் துண்டுகளைக் கூண்டில் செருகி வைத்தாள். ஐஸ் கம்பெனியிலிருந்து முரட்டுக் கையுறை ஒன்று வாங்கி, கூண்டு கழுவும்போது போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஊரையே கடித்த கிளி ஜெசிந்தாவையும் கொரற்றியையும் மட்டும் கடித்ததில்லை. வளவில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சிலர் சொன்னார்கள். வேறு சிலர், எதை மறைக்க இவ்வளவு பாடு என்று குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள். அதுவும் அவள் காதுக்கு வந்தது.

அந்தப் பேச்சு மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டது. ராயபுரத்தில் செலினின் அக்காள் பெர்மினா இருந்தாள். நல்ல வசதி, பிள்ளை இல்லை. தங்கையைப் புதைத்த அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள், பிளாவியான்தான் விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவள் டாக்சியில் வந்து இறங்கினாள், கையில் ஒரு புதுப் பெட்டி. பெட்டிக்குள் கொரற்றியின் அளவுக்கு நாலு கவுன் மட்டும் இருந்தது, மிச்சம் காலி. பிள்ளையின் சாமான்களை வைக்க இடம் விட்டிருந்தாள்.

"நான் சண்டை போட வரல ஜெசிந்தா" என்றாள். குரலில் உண்மையாகவே சண்டை இல்லை. "செத்தவ பிள்ள. நீ நல்லாத்தான் பாத்துக்கிடுத, அதை நான் இல்லங்கல. ஆனா சோறு போடுததும் உசுரா இருக்கதும் ஒண்ணா? இங்க ஒரு கிளி இருக்குன்னு ஊரே சொல்லுது. ஒருதரம் கடிக்க விடுவோம். உன் கையில வந்தா நான் இந்த வாசல்ல திரும்ப மிதிக்க மாட்டேன். என் கையில வந்தா பிள்ளைய எங்கூட அனுப்பிரு."

"பிள்ளைய எதுக்குக்கா கடிக்க விடணும்?" என்றாள் ஜெசிந்தா.

"அதுக்கு வலிக்கவா போவுது?"

ஜெசிந்தா பிளாவியானுக்குப் போன் போட்டாள். கப்பல் எந்தக் கடலிலோ நின்றது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. இவள் அழாமல் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க, அவன் சொன்னான்: "அவுக கேக்கதுலயும் தப்பில்லையேளா. ஒருவாட்டி பாத்துட்டா பேச்சு முடிஞ்சிரும்லா. எனக்குத்தான் வரும், நீ ஒண்ணும் பயப்படாத. நேரத்த மட்டும் முன்னக்கூட்டியே சொல்லிரு. நான் பாட்டுக்கு ஏணியில நிக்கும்போது விரல்ல வந்து விழுந்துச்சுன்னா புடிய விட்டுருவேன்."

"அக்காவுக்கு வந்துட்டுன்னா?"

"வராதுளா" என்றான். லைன் அறுந்துவிட்டது. உனக்கு வரும் என்று அவன் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை என்பதைப் போனை வைத்தபிறகுதான் அவள் நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது.

நாளைக்கு இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வளவு முடிவு பண்ணிற்று. ரொசாலி வந்து ஜெசிந்தாவின் தோளைத் தொட்டு, "ஒனக்கு என்னளா பயம்? ஒன் கைக்குத்தான் வரும்" என்றாள். சொல்லிவிட்டு அவள் முகத்தைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தாள். அன்று முழுக்க ஜெசிந்தா தன்னைத்தானே விசாரணை பண்ணிக்கொண்டே திரிந்தாள். பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்தேனே, அது உயிரா, கடமையா? பால்பாத்திரத்தைக் கவிழ்த்ததற்கு முதுகில் ஒன்று வைத்தேனே, பெற்றவளாக இருந்தாலும் வைத்திருப்பாளா? பள்ளிக்கூட வேன் வர நேரமானால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது பிள்ளைக்காகவா, ஊர் என்ன சொல்லுமோ என்றா? எந்தத் தராசில் நிறுத்தாலும் முள் நிற்கவில்லை. அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போயிற்று. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: அந்தப் பெட்டியில் இருந்த காலியிடத்தைப் பார்த்ததிலிருந்து அவள் கொரற்றியின் துணி ஒன்றைக்கூட மடித்து வைக்கவில்லை.

கடைசியில் ஒரு வேலை செய்தாள். கடிக்காத கிளியை யார் கடிக்கச் சொல்லமுடியும்? சாயங்காலமே கப்பித்தானுக்கு வேகவைத்த மக்காச்சோளமும் கொய்யாப்பழமும் வயிறு முட்டக் கொடுத்தாள். தண்ணீரைத் தெளித்துக் குளிக்க விட்டாள். புதுப் பனைமட்டையைச் செருகினாள். கூண்டின்மேல் துண்டைப் போட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தூங்கப் போட்டாள். காலையிலும் அப்படியே தீனி கொடுத்தாள். பூசை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது கிளி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மூக்கை அரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

முற்றத்தில் வளவு வட்டமாக உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு ஸ்டூலில் கொரற்றி, கோயிலுக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு, நேராகப் பார்த்துக்கொண்டு. அவள் எதிரில் பெர்மினா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் மலர்த்தி வைத்திருந்தாள். பாவம், அவளுக்கும் ஆசை இருக்காதா. பிளாவியானிடம் நேரத்தைச் சொல்லியாயிற்று. அவன் ஏணி எதிலும் ஏறாமல் கப்பல் தட்டில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கிளியைக் கையாளத் தெரிந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான் என்பதால் அவள்தான் கம்பில் அதை ஏற்றிக் கொண்டுவரவேண்டியிருந்தது. கம்பு இடது கையில். வலது கையை எல்லோரும் பார்க்கும்படி மலர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவளும் வைத்துக்கொண்டாள்.

கொரற்றி விரலை நீட்டினாள். கப்பித்தான் அதைப் பார்த்தது, தலையைச் சாய்த்தது, தன் பிடரியை அந்த விரலில் உரசிவிட்டு மறுபடியும் மூக்கை அரைத்தது. வளவு காத்திருந்தது. கொரற்றியின் கை வலித்துக் கீழே இறங்க, மறுபடி நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள், கிளி கொட்டாவி விட்டது. வெயில் ஏறிற்று. அடுப்பில் போட்டுவிட்டு வந்தவர்கள் எழுந்து போகலாமா என்று பார்த்தார்கள். "ஞாயித்துக்கெழம அதுக்கும் லீவுபோல" என்று காஸ்பார் சொல்ல, நாலுபேர் சிரித்தார்கள். ஜெசிந்தா அப்போதுதான் மூச்சை விட்டாள்.

அந்தச் சிரிப்பைப் பெர்மினாவால் தாங்கமுடியவில்லை. ராயபுரத்திலிருந்து காலிப் பெட்டியோடு வந்தவள், வருஷக்கணக்காக ஒரு பிள்ளைக் கையை நினைத்துக்கொண்டு தூங்கினவள், "இப்பிடிப் பிடிச்சா கடிக்கும்" என்று எழுந்து, கொரற்றியின் மணிக்கட்டைப் பற்றி, வெடுக்கென்று கிளியின் முகத்துக்கு நேராகத் தள்ளினாள். கப்பித்தானின் கால் கீழே இறங்கிற்று. பிடரி சிலிர்த்தது. கண்மணி ஒருதரம் சுருங்கி ஒருதரம் விரிந்தது. வளவில் அதைப் பார்க்கத் தெரிந்த கண் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. அவள் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. மலர்த்தி வைத்திருந்த தன் வலது கையைக் குறுக்கே கொடுத்தாள். கிளி அந்தக் கையின் ஆள்காட்டி விரலை அடியோடு கவ்விற்று.

வலிக்கவில்லை. ஒரு துணிக் கவ்வி மாட்டியது போல ஒரு பாரம், அவ்வளவுதான். பிள்ளை தப்பித்தாள் என்ற ஒரே நினைப்பில் ஜெசிந்தா விரலை எடுக்கவே இல்லை. கடி, நல்லாக் கடி, உன் கோபமெல்லாம் தீருகிறவரை என்னையே கடி என்று நிம்மதியாக நின்றாள். உப்புக் கம்பெனி ஆளுக்கு வந்தது போல என் ரத்தம் எனக்கே வரும், எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள், பார்க்கட்டும் என்றுகூட நினைத்தாள். விரலைப் பார்த்தாள். ரத்தத்தைக் காணோம். அப்படியானால் எங்கேயோ யாருக்கோ வலிக்கிறதே, யாருக்கு, கப்பலில் இருக்கிறவனுக்கா என்று அவள் மனசு ஒரு கணம் குதித்தது.

"ஏளா ஜெசிந்தா, கைய எடுளா! பிள்ளையப் பாருளா!" என்று ரொசாலி கத்தினாள்.

கொரற்றி ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். அவளுடைய வலது ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் வெள்ளைக் கவுனில் சொட்டிக்கொண்டிருந்தது. கிளி அவளைத் தொடவில்லை என்பதை வளவு மொத்தமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பிள்ளை வாயை இறுக்க மூடி, மூக்கு விடைக்க, கண்ணிலிருந்து பொலபொலவென்று ஊற்ற, சத்தமே போடாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளும் அந்த வீட்டில்தானே வளர்ந்தாள். கத்தினால் அது இன்னும் இறுக்கும் என்று அவளுக்கும் தெரியும்.

ஜெசிந்தாவுக்கு ஈரக்குலையே அறுந்துவிட்டது. தனக்கு வலித்திருந்தால் அப்போதே விடுவித்திருப்பாளே, வலிக்கவில்லை என்றல்லவா நின்றாள்! இழுத்துப் பிடுங்கவேண்டும் என்று கை துடித்தது. இழுக்கக்கூடாது. அலறவேண்டும் என்று நெஞ்சு முட்டிற்று. அலறக்கூடாது. இவள் விரல் ஒரு நூல் அசைந்தால் அங்கே பிள்ளையின் உதடு கோணுகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கொரற்றி தினமும் கிளியோடு பேசுகிற அந்த விசிலை, காய்ந்துபோன உதட்டால் வராத காற்றை வரவழைத்து ஊதினாள். இடது கையிலிருந்த கம்பை அங்குலம் அங்குலமாகச் சாய்த்தாள். கப்பித்தான் ஒரு காலை மாற்றிற்று. இன்னும் சாய்த்தாள். இறக்கையைப் பாதி விரித்தது, தடுமாறிற்று, வாயைத் திறந்து கம்பைக் கவ்வியது. ஜெசிந்தாவின் விரல் வெளியே வந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

அவள் கம்பை ரொசாலி கையில் திணித்துவிட்டு ஓடி, பிள்ளையின் விரலைத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உப்புக் கரித்தது. தன்னைக் கடித்தால் யாராவது ஒருத்தருக்காவது வருமா என்று அதுவரை பயந்து பயந்து கிடந்தாளே, வந்துவிட்டது. வந்த இடத்தைப் பார்த்து, வராமலே போயிருக்கலாமே என்று இருந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்லமுடியாது. இனிமேல் இந்த வீட்டில் எந்தக் கையைப் பார்த்துக்கொண்டு தூங்குவது என்று அவளுக்குப் புரியவில்லை.

பெர்மினா தன்னுடைய உள்ளங்கைகளைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் தோற்றுப்போனாள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவள்தான் விடாமல், கெஞ்சுகிற குரலில், "பேச்சு இதுல்லையே. பிள்ளைக்கு அவ மேல உசுருன்னு தெரிஞ்சிட்டு. அவளுக்குப் பிள்ள மேல உசுரான்னு தெரியணும்லா. ரத்தம் நின்னதும் பிள்ளைய ஒருதரம் கடிக்க விடணும்" என்றாள். வளவு ஜெசிந்தாவைப் பார்த்தது. ஜெசிந்தா முந்தானையைக் கிழித்துப் பிள்ளையின் விரலில் சுற்றினாள்.

பிள்ளையை அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே பேசினாள்.

"நான் கடி வாங்க மாட்டேன் பெரியம்மா" என்றாள் கொரற்றி, ஏங்கி ஏங்கி. "என்னைக் கடிச்சா சித்திக்கு வலிக்கும்."

"அது எப்படிடி ஒனக்குத் தெரியும்?" என்று கேட்டாள் பெர்மினா.

கொரற்றி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரிப் பார்த்தாள்.

"எப்பவும் எனக்குத் தெரியுமே" என்றாள்.

ஜெசிந்தா குழாயடி ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து, பிள்ளையின் கையை விடாமல், வளவு பார்க்க வாய்விட்டு அழுதாள்.